லத்தீனில் ‘பக்கத்தில்’ என்று எழுதுவது எப்படி: ப்ரொபெ முதல் கொன்தெர்மினுஸ் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

“எங்கள் வீடு காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.” புதிதாக லத்தீன் படிக்க வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வாக்கியங்களில் இது ஒன்று. பத்துப் பேர் எழுதினால் ஏழெட்டுப் பேர் ‘ப்ரொபெ ஸில்வை’ என்று எழுதிக் கொண்டு வருவார்கள். சரியானது ‘ப்ரொபெ ஸில்வம்’. இந்தத் தவறு சோம்பலால் வருவதில்லை. தமிழில் ‘காட்டுக்குப் பக்கத்தில்’ என்று நான்காம் வேற்றுமை போட்டே நமக்குப் பழகிவிட்டது, கை தானாக அங்கே போய்விடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு ‘பக்கத்தில்’ என்ற ஒரு சொல் போதும், பக்கத்து வீடு, பக்கத்து ஊர், பக்கத்து நாடு எல்லாம் அதிலேயே நடக்கும். லத்தீனில் இதற்குப் பத்துப் பன்னிரண்டு சொற்கள் இருக்கின்றன, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைத்தால் வாக்கியம் கோணலாகிவிடும். அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்துப் போடுவதுதான் எல்லாத் தவறுக்கும் தொடக்கம். சொல்லைத் தேடும் முன் மூன்று கேள்விகளை, அதே வரிசையில், கேட்டுக்கொண்டால் பெரும்பாலான பிழை நின்றுவிடும்.

1. உட்காரும் முன் வேண்டியவை

முதல் மூன்று பெயர்ச்சொல் வகுப்புகளின் விகுதிகள் தெரிந்திருக்க வேண்டும். முழுதாக மனப்பாடம் ஆகாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு எந்தச் சொல்லை எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். பலர் ‘தெம்ப்லும்’ (கோயில்), ‘ஒப்பிதும்’ (ஊர்) என்று அஃறிணைப் பால் சொற்களை எடுக்கிறார்கள். அவற்றில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் ஒரே வடிவம், அதனால் நீங்கள் புரிந்து எழுதினீர்களா தற்செயலாகச் சரியாக வந்ததா என்று தெரியாது. ‘ஸில்வ’வை எடுத்தால் நான்காம் வேற்றுமையும் ஆறாம் வேற்றுமையும் இரண்டுமே ‘ஸில்வை’. ‘உர்ப்ஸ்’ (நகரம்) என்ற சொல்லை எடுங்கள்: இரண்டாம் வேற்றுமை உர்பெம், ஆறாவது உர்பிஸ், நான்காவது உர்பீ, நீங்கல் (‘இலிருந்து’ என்னும் ஐந்தாவது) உர்பெ. நான்கும் நான்கு வடிவம், எனவே தவறு ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

அகராதியாக லூயிஸ்–ஷார்ட் (1879) போதும், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பொருளுக்குப் பக்கத்திலேயே அந்தச் சொல் எந்த வேற்றுமையை எடுக்கும் என்று சுருக்கமாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது பாதிக்கு மேல் அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது.

எழுத்தைப் பற்றி ஒன்று. இங்கே செவ்வியல் உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன், நாம் சிசரோ என்று சொல்லும் பேச்சாளரை ரோமானியர் கிகெரோ என்றார்களே, அந்த முறையில். திருச்சபை உச்சரிப்பில் படித்தவர்கள் வீகீனுஸ் என்பதை ‘விச்சீனுஸ்’ என்று சொல்லிப் பழகியிருப்பீர்கள், சொல் ஒன்றுதான். தமிழ் எழுத்தில் எழுதுவதால் ஒரு பெரிய லாபம் உண்டு: குறில் நெடில் வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். ‘உர்பீ’யும் ‘உர்பெ’யும் இங்கே குழம்பாது.

2. முதல் கேள்வி: தொடுகிறதா, தொடவில்லையா?

சொல்லைத் தேடும் முன் இடத்தை மனக்கண்ணில் பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் வெளி இருக்கிறதா, அல்லது ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கிறதா? இதை முதலில் கேட்பதற்குக் காரணம், இந்த ஒரு பதிலிலேயே பாதிச் சொற்கள் கழிந்துவிடும்.

நடுவில் வெளி இருக்கிறது, ஆனால் தூரம் இல்லை என்றால் ப்ரொபெ, ப்ரொபின்க்வுஸ், வீகீனுஸ். எல்லைக்கோடு ஒன்றாக இருக்கிறது என்றால் ஃபீனிதிமுஸ், கோன்ஃபீனிஸ், கொன்தெர்மினுஸ். சுவரோடு சுவர், உடலோடு உடல் ஒட்டியிருக்கிறது என்றால் கொன்திகுவுஸ், வினையில் சொல்வதானால் அத்திங்கெரெ, கொன்திங்கெரெ.

இதற்கு நான் எப்போதும் காட்டுவது ரோமானியக் கவிஞர் ஓவிட் சொல்லும் பிரமுஸ்–திஸ்பே காதல் கதை. இருவர் வீட்டுக்கும் பொதுவாக ஒரே சுவர், அதில் மெல்லிய விரிசல், அதன் வழியாகத்தான் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். ஓவிட் அந்த வீடுகளை ‘கொன்திகுவாஸ் தொமோஸ்’ என்கிறார். அங்கே ‘வீகீனாஸ்’ என்று இருந்தால் பக்கத்துப் பக்கத்து வீடு என்று மட்டும் ஆகும், சுவர் ஒட்டியிருப்பது சொல்லில் இருக்காது. அடுத்த வரிகளிலேயே, இவர்கள் அறிமுகமானது அக்கம்பக்கம் என்பதால் என்று சொல்லும்போது ‘வீகீனிய’ என்ற சொல்லைப் போடுகிறார். கட்டடத்துக்கு ஒரு சொல், மனிதர்கள் பழகுவதற்கு ஒரு சொல். இந்த இரண்டையும் ஒரு தாளில் அடுத்தடுத்து எழுதி வைத்துப் பாருங்கள்.

3. இரண்டாவது கேள்வி: பக்கத்தில் இருப்பது யார், எது?

ஆளா, வீடா, நிலமா, ஒரு முழு நாடா? பெயரடைகளின் வேரைப் பார்த்தால் இது தானாகப் புரிந்துவிடும்.

‘வீகீனுஸ்’ பிறந்தது ‘வீகுஸ்’ என்பதிலிருந்து. ஊரின் ஒரு பகுதி, தெரு, குடியிருப்பு என்று பொருள். ஆகவே இது ஒரே தெருக்காரனைச் சொல்லும் சொல். பக்கத்து வீட்டுக்காரர், பக்கத்துத் தோட்டம், பக்கத்து ஊர் வரை இது போகும்.

‘ஃபீனிதிமுஸ்’ பிறந்தது ‘ஃபீனிஸ்’ (எல்லை) என்பதிலிருந்து. இது பெரும்பாலும் மக்களுக்கும் நாடுகளுக்கும் உரியது. சீசர் தன் காலியா (இன்றைய பிரான்ஸும் அதன் சுற்றுப்புறமும்) போர்க்குறிப்புகளில் ஹெல்வேத்திய இனத்தாரின் அண்டை இனங்களைப் பற்றிப் பேசும்போது ‘ஃபீனிதிமீ’ என்று எழுதுகிறார். பக்கத்து வீட்டுப் பாட்டியை ‘ஃபீனிதிம’ என்று எழுதுவது, தமிழில் ‘அண்டை நாட்டுப் பாட்டி’ என்பது போல ஆகிவிடும். இந்தப் பிழையை அடிக்கடி பார்க்கிறேன்.

‘கோன்ஃபீனிஸ்’ அதே வேர்தான், ‘கோன்’ என்ற முன்னொட்டு ‘ஒருசேர’ என்பதைக் கூட்டுகிறது: எல்லையைப் பகிர்ந்துகொள்கிறவர். பாரிசியர்கள் என்ற காலிய இனத்தார் ஸெனோன் மக்களோடு எல்லை பகிர்ந்தவர்கள் என்பதைச் சீசர் ‘கோன்ஃபீனேஸ் எரன்த் ஹீ ஸெனொனிபுஸ்’ என்று எழுதியிருக்கிறார்.

‘கொன்தெர்மினுஸ்’ என்பதில் இருப்பது ‘தெர்மினுஸ்’, அதாவது எல்லைக்கல். ரோமானியருக்கு அந்தக் கல்லே தெய்வம். பிப்ரவரி 23-ஆம் தேதி கல்லின் இரு பக்கத்து நிலக்காரர்களும் ஆளுக்கொரு மாலை கொண்டுவந்து போடுவார்கள். அந்தக் காட்சியை நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது: நடுவில் ஒரு கல், இரு பக்கமும் இரு நிலம். கவிஞர்கள் இதை மரத்துக்கும் ஊற்றுக்கும்கூடப் போடுவார்கள். பிரமுஸ் கதையிலேயே முசுக்கொட்டை மரம் ‘கெலிதோ கொன்தெர்மின ஃபொன்தீ’, குளிர்ந்த ஊற்றை அடுத்து நிற்கிறது. ஓவிடின் இன்னொரு கதையான பாவ்கிஸ் கதையில் எலுமிச்சை என்று சிலர் தவறாக மொழிபெயர்க்கும் லிண்டன் மரத்தை அடுத்து ஓக் மரம், அதற்கும் இதே சொல். உரைநடையில் எழுதும்போது மட்டும் கொஞ்சம் அளவோடு பயன்படுத்துங்கள், கவிதை வாடை அடிக்கும்.

4. மூன்றாவது கேள்வி: நீங்கள் எடுத்தது முன்னிடைச்சொல்லா, பெயரடையா, வினையா?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். லத்தீனில் வேற்றுமையைத் தீர்மானிப்பது ‘பக்கத்தில்’ என்ற பொருள் அல்ல. சொல்லின் வகைதான் தீர்மானிக்கிறது. மூன்றுக்கும் மூன்று வழி.

முன்னிடைச்சொல் (ப்ரொபெ, அத், அபுத், யூக்ஸ்தா, ப்ரொப்தெர்) என்றால் பின்னால் இரண்டாம் வேற்றுமை: ப்ரொபெ உர்பெம்.

பெயரடை (வீகீனுஸ், ஃபீனிதிமுஸ், ப்ரொபின்க்வுஸ், கொன்திகுவுஸ், கொன்தெர்மினுஸ்) என்றால் நான்காம் வேற்றுமை: உர்பீ வீகீனுஸ்.

தொடுவதைச் சொல்லும் வினை என்றால் மறுபடி இரண்டாம் வேற்றுமை, அது செயப்படுபொருள் என்பதால்: உர்பெம் அத்திங்கித்.

இதை நினைவில் வைக்க மேலைநாட்டுப் பாடநூல் அட்டவணை எதுவும் தேவையில்லை, தமிழிலேயே வழி இருக்கிறது. ‘பக்கத்தில்’ என்று மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டு, முன்னிடைச்சொல் வரும் இடத்தில் ‘நெருங்கி’ அல்லது ‘ஒட்டி’ என்று மனத்துக்குள் சொல்லுங்கள். காட்டை நெருங்கி, நகரத்தை ஒட்டி. ‘ஐ’ தானாக வந்துவிடும், லத்தீனிலும் அதே இரண்டாம் வேற்றுமை. பெயரடை வரும் இடத்தில் ‘பக்கமான’, ‘அண்டையான’ என்று சொல்லுங்கள். காட்டுக்கு அண்டையான, நகரத்துக்குப் பக்கமான. ‘கு’ வந்துவிடும், லத்தீனிலும் நான்காம் வேற்றுமை. வினைக்கு ‘தொடுகிறது’ என்றாலே போதும், ‘நதியைத் தொடுகிறது’ என்றுதான் சொல்வோம்.

இதைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய பிறகு என் மாணவர்களிடம் ‘ப்ரொபெ ஸில்வை’ ஏறக்குறைய காணாமல் போய்விட்டது. அதுவரை நானே ‘இது விதி, மனப்பாடம் செய்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் பலன் இல்லை.

பெயரடையில் இன்னொரு வேலை பாக்கி இருக்கும்: அது தன் பெயர்ச்சொல்லோடு பாலிலும் எண்ணிலும் ஒத்துப்போக வேண்டும். ‘தொமுஸ்’ (வீடு) ‘உஸ்’ என்று முடிந்தாலும் பெண்பால். ஆகவே ‘தொமுஸ் வீகீன’. ‘தொமுஸ் வீகீனுஸ்’ என்று ஓசைக்கு ஓசை பொருத்தி எழுதுவது மிகப் பரவலான பிழை. முதலில் வேற்றுமையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பாலைப் பாருங்கள், இரண்டையும் ஒரே மூச்சில் பார்க்கப்போனால் ஒன்று தப்பும்.

வேற்றுமைக்கு ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் ஒரு வரியை மனப்பாடம் செய்யச் சொல்வேன்: ‘மந்துவ வை மிஸெரை நிமியும் வீகீன க்ரெமோனை’. “ஐயோ, பாவப்பட்ட கிரெமோனாவுக்கு மிக அருகில் இருந்துவிட்ட மாந்துவாவே” என்பது பொருள். போர் முடிந்த படைவீரர்களுக்குக் கொடுக்க வட இத்தாலிய ஊரான கிரெமோனாவின் நிலங்களைப் பறித்தார்கள், பக்கத்தில் இருந்த பாவத்துக்கு மாந்துவா நிலமும் போனது. ‘க்ரெமோனை’ நான்காம் வேற்றுமை, ‘வீகீன’ மாந்துவாவோடு ஒத்துப்போகும் பெண்பால். விதி இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன, அந்தத் துக்கத்தோடு சேர்ந்து மனத்தில் நிற்கிறது.

5. முன்னிடைச்சொற்களில் எதை எடுப்பது

சந்தேகம் வந்தால் ப்ரொபெ. இடத்துக்கு அது எப்போதும் பிழையில்லை.

‘அபுத்’ ஆட்களோடுதான் நன்றாகப் பொருந்தும். ‘அபுத் மே’ என்றால் என் வீட்டில், என்னிடத்தில். ‘அபுத் கிகெரோனெம்’ என்றால் சிசரோவின் எழுத்தில். இதைப் படிக்கும்போது ‘சிசரோவுக்குப் பக்கத்தில்’ என்று எழுதிவிடாதீர்கள்.

‘அத்’ என்றால் ‘நோக்கி’ என்று மட்டும் படித்திருப்போம். ஆனால் இருப்பைச் சொல்லும் வினையோடு வந்தால் ‘அருகில்’. கி.மு. 216-இல் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபால் ரோமானியரை முறியடித்த சண்டை ‘அத் கன்னாஸ்’, அந்த ஊரருகே நடந்தது. வெற்றி ஊர்வலத்துக்காகக் காத்திருக்கும் தளபதி நகருக்குள் நுழையாமல் வெளியே தங்குவார், அதற்கு ‘அத் உர்பெம் எஸ்ஸெ’ என்பார்கள். ஊர்ப் பெயரோடு வரும்போது இன்னும் கவனம் தேவை: ‘கெனவம்’ என்று வெறுமனே சொன்னால் ஜெனிவாவுக்குள், சீசர் ‘அத் கெனவம்’ வந்து சேர்ந்தார் என்றால் ஜெனிவாவின் சுற்றுப்புறத்துக்கு. ஒரு சின்னச் சொல், ஊருக்கு உள்ளா வெளியா என்பதையே மாற்றிவிடுகிறது.

‘யூக்ஸ்தா’ பக்கவாட்டில், அடுத்தாற்போல். இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் கடற்கரையில் பிராட்வெல்-ஜக்ஸ்டா-மாரி என்றும் சொல்லப்படும் ஓர் ஊர் இருக்கிறது, ‘கடலை அடுத்த பிராட்வெல்’. ‘மரெ’ அஃறிணைப் பால், அதனால் வேற்றுமை வடிவம் மாறவில்லை. இதைப் பார்த்துவிட்டு ‘யூக்ஸ்தா’வுக்குப் பின் எழுவாய் வரும் என்று நினைத்த ஒருவரை எனக்குத் தெரியும், அதற்காகத்தான் முதலிலேயே உர்ப்ஸை வைத்துப் பழகச் சொன்னேன்.

ஆற்றின் ஓரமாகவே நீளத்துக்குப் போவது ‘ஸெகுந்தும் ஃப்லூமென்’. மலையடிவாரம் என்றால் ‘ஸுப் மொன்தெ’, இங்கே நீங்கல் வேற்றுமை.

6. வினையால் சொல்வது எப்போது நல்லது

நிலப்பரப்பை விவரிக்கும்போது பெயரடையை அடுக்கிக்கொண்டே போனால் வாக்கியம் செத்துக் கிடக்கும். அங்கே வினைக்கு மாறுங்கள். சீசரின் முதல் பக்கத்தையே பாருங்கள், காலியாவின் ஒரு பகுதி ரைன் நதியைத் தொடுகிறது என்பதற்கு ‘அத்திங்கித் … ஃப்லூமென் ரேனும்’ என்கிறார். நிலம் அசைந்துபோய் நதியைத் தொடுவது போல ஓர் ஓட்டம் அதில் வருகிறது.

‘அத்யகேரெ’ அடுத்துக் கிடப்பது. ‘அத்’ சேர்த்தோ நான்காம் வேற்றுமையோடோ வரும். ‘அக்கொலெரெ’ ஒரு நதியையோ மலையையோ ஒட்டி வாழ்வது, இதற்கு இரண்டாம் வேற்றுமை. இதிலிருந்து வந்த ‘அக்கொல’ என்ற பெயரை ‘இன்கொல’வோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்: இன்கொல உள்ளே வசிப்பவர், அக்கொல பக்கத்தில் வசிப்பவர்.

தூரத்தை அளந்து சொல்ல வேண்டுமென்றால் ‘அபெஸ்ஸெ’, ‘ஆ’ அல்லது ‘அப்’ போட்டு நீங்கல் வேற்றுமை. ‘நோன் லொங்கே ஆ’ என்று சேர்த்தால் ‘அதிக தூரமில்லை’. இங்கே நீங்கல் வருவதற்குக் காரணம், ‘அருகில்’ என்பதை ‘விலகி இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்’ என்று மறுபக்கத்திலிருந்து சொல்கிறோம். தமிழிலும் ‘ஊரிலிருந்து கூப்பிடு தூரம்’ என்கிறோமே, அதே கணக்கு.

7. இன்னும் அருகில், மிக அருகில்

ப்ரொபெ, ப்ரொபியுஸ், ப்ரொக்ஸிமே. பெயரடையாக ப்ரொபியொர், ப்ரொக்ஸிமுஸ். இதில் அடிப்படைப் படிக்குரிய பெயரடை கிடையாது, அந்த இடத்தை ப்ரொபின்க்வுஸ் நிரப்புகிறது. ‘ப்ரொபுஸ்’ என்று ஒரு சொல்லை நீங்களே உண்டாக்கிவிடாதீர்கள்.

ப்ரொக்ஸிமுஸ் பெயரடை, ஆகவே பெரும்பாலும் நான்காம் வேற்றுமை: ‘ப்ரொக்ஸிமீக்வெ ஸுன்த் கெர்மானீஸ்’, காலியாவின் பெல்கர்கள் ஜெர்மானியருக்கு மிக அருகில் இருப்பவர்கள். ப்ரொபியொர், ப்ரொக்ஸிமுஸ் இரண்டும் இரண்டாம் வேற்றுமையோடு வருவதையும் பார்ப்பீர்கள். படிக்கும்போது திடுக்கிட வேண்டாம், எழுதும்போது நான்காவதையே வைத்துக்கொள்ளுங்கள்.

‘மிக அருகில்’ என்பதைவிட ‘அடுத்த’ என்பதுதான் இதற்குப் பல இடங்களில் பொருத்தம். அடுத்த வீட்டுச் சுவர் எரிந்தால் அது உன் விஷயமும்தான் என்று கவிஞர் ஹோரஸ் சொல்லும் இடத்தில் அந்தச் சுவர் ‘பரியேஸ் ப்ரொக்ஸிமுஸ்’. காலத்தைச் சொல்லும்போது கவனம், ‘ப்ரொக்ஸிமுஸ் அன்னுஸ்’ சென்ற ஆண்டாகவும் இருக்கலாம், வரும் ஆண்டாகவும் இருக்கலாம். வினையின் காலத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

8. எழுதிய பிறகு, படிக்கும்போதும்: வேறு பொருள் ஒளிந்திருக்கிறதா?

இந்தச் சொற்கள் எல்லாம் இடத்தில் தொடங்கி வேறெங்கோ போய்விடுபவை. அதனால் இந்தச் சோதனை கடைசியில் கட்டாயம்.

‘ப்ரொபெ’ என்றால் ‘கிட்டத்தட்ட’ என்றும் பொருள். ‘ப்ரொபெ ஒம்னேஸ்’, ஏறக்குறைய எல்லோரும். நம் ‘கிட்ட’ என்ற சொல்லும் ‘கிட்டத்தட்ட’ என்று போயிருக்கிறது, எனவே இது தமிழருக்குச் சுலபமாகப் பிடிபடும். பின்னால் இரண்டாம் வேற்றுமை இல்லையென்றால் முதலில் இந்தப் பொருளை வைத்துப் பாருங்கள்.

‘ப்ரொப்தெர்’ என்பதை எல்லோரும் ‘காரணமாக’ என்றே படித்திருப்பார்கள். அதன் பழைய பொருள் ‘அருகில்’. சிசரோ, நண்பர்களோடு புல்வெளியில் ‘ப்ரொப்தெர் ப்லதோனிஸ் ஸ்ததுவம் கோன்ஸேதிமுஸ்’ என்கிறார். பிளேட்டோவின் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ‘பிளேட்டோ சிலையின் காரணமாக உட்கார்ந்தோம்’ என்று ஒவ்வொரு குழுவிலும் ஒருவராவது எழுதுகிறார். இடத்திலிருந்து காரணத்துக்கு ஒரு சொல் எப்படிப் போகும் என்று கேட்பவர்களிடம் ‘பொங்கலை ஒட்டி விடுமுறை’ என்ற வாக்கியத்தைக் காட்டுவேன். கோயிலை ஒட்டி வீடு, பொங்கலை ஒட்டி விடுமுறை. ஒரே ‘ஒட்டி’தான்.

‘யூக்ஸ்தா’, ‘ஸெகுந்தும்’ இரண்டுக்கும் ‘அதன்படி’ என்ற பொருளும் உண்டு, பிற்காலத்து, திருச்சபை லத்தீனில் மிக அதிகம். பைபிளை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம், எபிரேய மூலத்திலிருந்து செய்த சங்கீதப் புத்தக மொழிபெயர்ப்பு ‘யூக்ஸ்தா ஹெப்ரையோஸ்’ எனப்படுகிறது. எபிரேயருக்குப் பக்கத்தில் என்றல்ல, எபிரேயத்தின்படி.

அப்புறம் உறவுமுறை. இங்கே விழாதவர்கள் குறைவு. ‘ப்ரொபின்க்வீ’ என்று பன்மையில் பெயர்ச்சொல்லாக வந்தால் பெரும்பாலும் உறவினர்கள். தும்னோரிக்ஸ் என்ற காலியத் தலைவன் தன் செல்வாக்கைப் பெருக்க ‘ப்ரொபின்க்வாஸ் ஸுவாஸ்’ பிற நாடுகளில் மணமுடித்துக் கொடுத்தான் என்று சீசர் எழுதுகிறார். சொந்தக்காரப் பெண்களை. இதை ‘பக்கத்து வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொடுத்தான்’ என்று எழுதிக் கொண்டுவந்தவர், அவனுக்கு அதற்கு என்ன உரிமை என்று என்னிடமே கேட்டார். கேட்டது நல்லது, பொருள் உதைக்கிறது என்று தோன்றினால் சொல்லைத்தான் மறுபடி பார்க்க வேண்டும். நாமும் ‘நெருங்கியவர்கள்’ என்றால் தெருக்காரர்களைச் சொல்வதில்லை.

‘அத்ஃபீனிஸ்’ (அஃபீனிஸ் என்றும் எழுதுவார்கள்) என்பது எல்லையடுத்தவர் என்பதிலிருந்து கொண்டான் கொடுத்தான் உறவுக்கு வந்துவிட்டது. சம்பந்தி, மாமனார், மைத்துனர் வகை, கல்யாணத்தால் வந்த உறவு. தகப்பன் வழிப் பங்காளி ‘அக்னாதுஸ்’, அவரை அத்ஃபீனிஸ் என்று எழுதக் கூடாது. குற்றத்தோடு சேர்த்து வந்தால் அதில் தொடர்புள்ளவன் என்று பொருள்படும். கலைகளுக்கு இடையிலான நெருக்கத்தையும் இந்த வகைச் சொற்களால் சொல்வார்கள், ‘எஸ்த் எனிம் ஃபீனிதிமுஸ் ஓராதோரீ பொஏத’ என்று சிசரோ கவிஞனைப் பேச்சாளனுக்கு அண்டை நாட்டான் ஆக்குகிறார். இங்கே ‘ஓராதோரீ’ என்ற நான்காம் வேற்றுமையைக் கவனியுங்கள், பொருள் உருவகமானாலும் இலக்கணம் மாறவில்லை.

உயிரியல் படிப்பவர்களுக்கு ஒரு வரி. உயிரினப் பெயரில் ‘அஃபினிஸ்’ வந்தால் வேறொன்றோடு உறவுடையது, அதைப் போன்றது என்று பொருள். கொசுப் புழுவைத் தின்பதற்காகக் குளங்களில் விடும் கம்பூசியா மீனின் முழுப் பெயர் கம்பூசியா அஃபினிஸ்.

9. பழைய பத்திரங்களைப் படிப்பவர்களுக்கு

வட இத்தாலியின் இடைக்கால நிலப்பத்திரங்களில் ‘கொஹேரெத் எயீ’ என்ற தொடர் அடிக்கடி வரும், ‘இதை ஒட்டியிருப்பது’. அதன்பின் நான்கு திசை: ‘ஆ மானெ’ (காலைப் பக்கம், கிழக்கு), ‘ஆ மெரீதியே’ (நண்பகல் பக்கம், தெற்கு), ‘ஆ ஸேரோ’ (மாலைப் பக்கம், மேற்கு), ‘ஆ மொன்தெ’ (மலைப் பக்கம், வடக்கு). வடக்கில் ஆல்ப்ஸ் இருப்பதால் மலைதான் வடக்கு. நம் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். ‘காலையிலிருந்து’, ‘மலையிலிருந்து’ என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள். ‘எயீ’ நான்காம் வேற்றுமை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. ஒரு பத்தியை முழுதாகச் செய்து பார்ப்போம்

“மீனவரின் குடிசை ஆற்றுக்குப் பக்கத்தில், கோயிலை ஒட்டி இருக்கிறது. அக்கம்பக்கத்தார் அங்கே வருவார்கள். சொந்தக்காரர்கள் தூரத்தில் இருக்கிறார்கள்.”

ஆறு: நடுவில் கொஞ்சம் கரை இருக்கிறது, தொடவில்லை. ப்ரொபெ எடுக்கலாம். முன்னிடைச்சொல், ‘ஆற்றை நெருங்கி’, இரண்டாம் வேற்றுமை: ப்ரொபெ ஃப்லூமென்.

கோயில்: சுவர் ஒட்டியிருக்கிறது. கொன்திகுவுஸ். பெயரடை, ஆகவே கோயிலுக்கு நான்காம் வேற்றுமை: தெம்ப்லோ. குடிசை ‘கஸ’ பெண்பால், எனவே கொன்திகுவ. சேர்த்தால்: ‘கஸ பிஸ்காதோரிஸ் ப்ரொபெ ஃப்லூமென் எஸ்த், தெம்ப்லோ கொன்திகுவ.’

அக்கம்பக்கத்தார்: தெருக்காரர்கள், வேற்று நாட்டார் இல்லை. வீகீனீ. ‘வீகீனீ எஓ வெனியுன்த்.’ இங்கே ப்ரொபின்க்வீ போட்டால் உறவினர் வந்ததாகிவிடும். அந்தச் சொல் அடுத்த வாக்கியத்துக்கு வேண்டும்: ‘ப்ரொபின்க்வீ எயுஸ் ப்ரொகுல் அப்ஸுன்த்.’

இப்போது சோதனை. ஃப்லூமென் அஃறிணைப் பால், வேற்றுமை தெரியாது. தெம்ப்லோ நான்காவதா நீங்கலா என்றும் வடிவத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு இடத்திலும் உர்ப்ஸை வைத்து மறுபடி எழுதுங்கள்: ப்ரொபெ உர்பெம், உர்பீ கொன்திகுவ. முதலாவதில் உர்பீ என்று கை போனால் நான்காம் பகுதிக்குத் திரும்பிப் போய் ‘நகரத்தை நெருங்கி’ என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிவிட்டு எழுதுங்கள்.